அணியும் அளவையும்: பியூரிட்டானியர் பிரசங்கங்களில் உவமையின் இடம்

தோற்றுவாய்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த வேண்டுமென விழைந்தோரைப் பியூரிட்டானியர் என வரலாற்று நூல்கள் வழங்கும். தூய்மை நெறியினர் என அப்பெயரைத் தமிழில் கூறலாம். திருமறையின் ஆணை பெறாத சடங்கு, உடை, ஓவியம் முதலியவற்றை அவர்கள் வழிபாட்டினின்றும் விலக்கினர். விலக்கியவற்றின் இடத்தில் பிரசங்கத்தை அமர்த்தினர். 1630ஆம் ஆண்டு முதல் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து, வட அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து எனப் பெயர் பெற்ற பகுதியில் குடியேறினர். அங்கு ஞாயிறுதோறும் இரு பிரசங்கங்களும், வாரத்தின் இடையே ஒரு நாள் மற்றொன்றும் நிகழ்ந்தன. வழிபாட்டிற்குத் தவறாது வந்த ஒருவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 7,000 பிரசங்கங்களைக் கேட்டிருப்பர் என ஹாரி ஸ்டவுட் என்னும் வரலாற்றறிஞர் 1986இல் வெளிவந்த தம் நூலில் கணக்கிட்டுள்ளார். நாடகமும் அரங்கும் இல்லாத அச்சமுதாயத்தில் சொற்கலை முழுவதும் பிரசங்க மேடையிலேயே வாழ்ந்தது எனின் அது மிகையன்று.

இப்பிரசங்கங்களைப் பற்றி இலக்கிய வரலாறுகளில் பெருவழக்காக நிலவும் கருத்து ஒன்றுண்டு. அவை 'எளிய நடை'யில் அமைந்தவை என்பதும், அணிகளை வெறுத்து ஒதுக்கியவை என்பதுமே அக்கருத்தாம். இதற்குப் பியூரிட்டானியர்தம் சொற்களே சான்றாகக் காட்டப்பெறும். ஆயின் அச்சான்றுகளைச் சற்றே ஊன்றி நோக்குவோமாயின் வியப்பான ஓர் உண்மை புலனாகும்.

கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரை 1636இல் நிறுவியவரும் பெரும் பிரசங்கியாருமான தாமஸ் ஹூக்கர் (1586-1647), தாம் மறைந்தபின் 1648இல் வெளிவந்த திருச்சபை ஒழுங்கு பற்றிய நூலின் முன்னுரையில், தம் நடை கரடுமுரடானது என்பதை ஒப்புக்கொள்கின்றார். புதுநிலத்திற் குடியேறியோர் குளிர் தாங்கும் துணி கிடைத்தால் போதுமென அமைவர். பின்னல் வேலைப்பாட்டையும் ஒப்பனைத் தையலையும் அழகாக உடுத்த விரும்புவோர்க்கே விட்டுவிடுவர் என்கின்றார். 1640இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சான சங்கீத மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரை, இறைவனின் பலிபீடத்திற்கு நம் மெருகு வேண்டுவதில்லை என்னும் கருத்தைக் கூறுகின்றது. உளிபடாத கற்களாற் பீடம் அமைக்குமாறு யாத்திராகமத்தில் வரும் கட்டளை அதன் அடிப்படை. இங்கிலாந்தில் வாழ்ந்த ரிச்சர்டு பாக்ஸ்டர் (1615-1691), ஒப்பனை மிக்க பிரசங்கத்தை வண்ணம் தீட்டிய சாளரக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார். அது காண்பதற்கு இனிது. ஆனால் வெளிச்சத்தை மறைப்பது.

துணி, பலிபீடம், சாளரம் ஆகிய மூன்றும் உவமைகளே. அணியை மறுப்பதற்கே அணி துணையாக வந்துள்ளது! இதனைத் தன்முரண் என்று கூறி ஒதுக்குதல் எளிது. அவ்வாறு ஒதுக்காமல், அவர்கள் விலக்கியது யாது, கொண்டது யாது என வரையறுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உவமையை அவர்கள் அணியாகக் கொள்ளவில்லை. அளவையாகக் கொண்டனர் என்பது நம் கருத்து. அவ்வாறு கொண்டதனால் விளைந்த வலிமையையும், அதனோடு உடன் வந்த தீங்கையும் ஒருசேரக் காண்போம்.

எளிய நடையின் பின்புலம்

அக்காலத்து இங்கிலாந்தில் பிரசங்க நடை இரு கிளையாகப் பிரிந்திருந்தது. லான்சலட் ஆண்ட்ரூஸ் (1555-1626), ஜான் டன் (1572-1631) முதலியோர் ஒரு கிளையினர். சொல்லைப் பகுத்துப் பகுத்துப் பொருள் காண்டலும், இலத்தீன் கிரேக்க மேற்கோள்களை இடையிடையே பெய்தலும், எதிர்பாராத பொருள்களை இயைத்துக் காட்டலும் அவர்தம் இயல்பு. மற்றைக் கிளைக்கு இலக்கணம் வகுத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் பெர்க்கின்ஸ் (1558-1602). பிரசங்கக் கலை பற்றி அவர் இலத்தீனில் இயற்றிய நூல் 1592இலும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1607இலும் வெளிவந்தன. பிரசங்கியார் தனியிடத்தில் எல்லாக் கலைகளையும் கற்றுப் பயன்கொள்ளலாம். மக்கள்முன் நிற்கும்போது அக்கல்வி வெளித்தோன்றாவாறு மறைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே எளிய நடை என்பது கல்லாமையின் விளைவன்று. கற்றதை அடக்கியாளும் பயிற்சியின் விளைவு என்க.

இதற்கு எடுத்துக்காட்டாக ஜான் காட்டன் (1585-1652) என்பாரின் வரலாற்றைக் கூறுவர். கேம்பிரிட்ஜில் இளமையிலேயே அணிநலம் மிக்க பேச்சுக்குப் புகழ்பெற்றவர் அவர். பல்கலைக்கழகத் தேவாலயத்தில் அவர் பேசப்போகின்றார் என அறிந்து கற்றோர் பலர் திரண்டனர். மனமாற்றம் அடைந்திருந்த காட்டனோ அன்று எளிய நடையில் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினார். அவையோர் ஏமாற்றமுற்றனர். ஆயின் அவையில் இருந்த ஜான் பிரெஸ்டன் என்னும் கல்லூரி ஆசிரியர் உள்ளம் உருகி அந்நெறியை மேற்கொண்டார். புகழை இழந்து ஓர் உள்ளத்தைப் பெற்றமை என இந்நிகழ்ச்சியைப் பியூரிட்டானியர் போற்றினர். பிரசங்கத்தின் பயன் பாராட்டன்று, மனமாற்றம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இக்கொள்கைக்குத் தருக்க நூல் அளித்த துணை கருதத்தக்கது. பிரெஞ்சு நாட்டறிஞர் பீட்டர் ராமஸ் (1515-1572) இயற்றிய தருக்க நூலைப் பியூரிட்டானியர் பெரிதும் பயின்றனர். பொருளைத் தேடிக் காண்டலும் அதனை முறைப்பட அமைத்தலும் பண்டு சொல்வன்மைக் கலையின் உறுப்புகளாகவும் எண்ணப்பெற்றன. ராமஸ் அவ்விரண்டையும் தருக்கத்திற்கே உரியன ஆக்கினார். சொல்வன்மைக் கலைக்கு நடையழகும் உரைக்கும் முறையும் மட்டுமே எஞ்சின. இப்பிரிவினை முதலில் பொருள், பின்னரே ஒப்பனை என்னும் மனப்பான்மையை வளர்த்தது. பெரி மில்லர் 1939இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார்.

ஆயின் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. உருவகம் முதலிய பொருள்மாற்றங்களைச் சொல்வன்மைக் கலையில் வைத்த ராமஸ் மரபு, ஒப்புமையைத் தருக்கத்திற்குள்ளேயே வைத்தது. ஒன்றையொன்று ஒத்தல், ஒவ்வாமை, மிகுதல், குறைதல் என்பன அம்மரபில் வாதத்தின் வகைகள். எனவே ஒரு பிரசங்கியார், 'இஃது இதனைப் போன்றது' என்னும்போது தாம் ஒப்பனை செய்வதாகக் கருதவில்லை. சான்று காட்டுவதாகவே கருதினார்.

தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தண்டியலங்காரம் உவமையை அணிகளுள் ஒன்றாக எண்ணும். தொல்காப்பியமோ அதனைப் பொருளதிகாரத்தில் வைத்து, பொருள் புலப்பாட்டிற்கு உரிய கருவியாகத் தனியியலில் ஆராயும். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் உவமம் அளவைகளுள் ஒன்றாக எண்ணப்படும். அங்குக் கூறப்படும் உவம அளவையும் ராமஸின் ஒப்புமை வாதமும் ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது. எனினும் ஒரே உவமை ஒரு நூலில் அணியாகவும் மற்றொரு நூலில் அறிவுக்கு வாயிலாகவும் நிற்றல் கூடும் என்பதை உணர்ந்தவர்க்குப் பியூரிட்டானியர் நிலை எளிதில் விளங்கும்.

பிரசங்கத்தின் உறுப்புகள்

பெர்க்கின்ஸ் வகுத்த முறைப்படி அமைந்த பிரசங்கம் நான்கு உறுப்புகளை உடையது. முதற்கண் திருமறை வாசகம் ஒன்று படிக்கப்படும். அதன் சொற்பொருளும் சூழலும் விளக்கப்படும். அடுத்து, அவ்வாசகத்தினின்றும் கோட்பாடு ஒன்று ஒரே தொடரில் வடித்துக் கூறப்படும். பின்னர் அக்கோட்பாட்டிற்குரிய காரணங்கள் எண்ணிட்டு வரும். இறுதியில் 'பயன்' எனப்படும் பகுதி வரும். கோட்பாட்டைக் கேட்போர் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுதல் அதன் தொழில். நூற்பா, கருத்து, ஏது, பயன் என உரையாசிரியர்கள் செல்லும் நெறியோடு இதனை ஒருபுடை ஒப்பிடலாம்.

இவ்வமைப்பு கேட்போர் நினைவிற் கொள்வதற்கு ஏற்றது. பலர் குறிப்பேட்டோடு வந்து எழுதிக்கொண்டனர். பாஸ்டன் நகரத்து வணிகர் ராபர்ட் கெய்ன் எழுதிய குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. காரணப் பகுதியில் உவமை சுருக்கமாகவும் அறிவு நோக்கியும் அமையும். பயன் பகுதியிலோ உவமை விரியும். வினாவும் விளியும் பெருகும். நடையின் வெப்பம் பகுதிக்குப் பகுதி மாறுபடுவதை நோக்காது, முழுப் பிரசங்கத்தையும் 'வறண்டது' என்றோ 'அனல் கக்குவது' என்றோ ஒரு சொல்லால் முடிவு கட்டுதல் பொருந்தாது.

வரைபடமும் வழிப்போக்கனும்

ஹூக்கரின் பிரசங்கங்கள் உவமைக்குப் பேர்பெற்றவை. அவர் மறைவிற்குப் பின் 1656இல் வெளிவரத் தொடங்கிய மீட்பு பற்றிய பிரசங்கத் தொகுதியில், பாவத்தை உள்ளவாறு காண்டல் எத்தகையது என விளக்கும் பகுதி ஒன்றுண்டு. பல நாட்டுக் கரைகளைத் தானே சென்று கண்ட வழிப்போக்கனின் அறிவு வேறு. தன் வீட்டு அடுப்பருகே அமர்ந்து அந்நாடுகளைப் பற்றி நூலிற் படிப்பவன் அல்லது வரைபடத்திற் காண்பவன் அறிவு வேறு. இருவரும் ஒரே நாட்டைப் பற்றியே பேசுவர். ஆயினும் முன்னவன் அந்நாட்டை அறிந்தவன், பின்னவன் அதன் சாயலை அறிந்தவன். பாவத்தைப் பற்றிய அறிவும் இவ்வாறு இருவகைப்படும் என்கின்றார் ஹூக்கர்.

இவ்வுவமையின் பொருத்தம் நோக்கத்தக்கது. கேட்போருட் பெரும்பாலோர் கடல் கடந்து வந்தவர். புதுநாட்டைப் பற்றி அச்சிட்ட துண்டு நூல்களையும் வரைபடங்களையும் இங்கிலாந்தில் கண்டவர். பின்னர் அந்நாட்டின் குளிரையும் பசியையும் உடலால் அறிந்தவர். வரைபடத்திற்கும் நிலத்திற்கும் உள்ள தொலைவை அவர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்தம் பட்டறிவையே எடுத்து அவர்முன் சான்றாக நிறுத்துகின்றார் பிரசங்கியார். இவ்வுவமையை நீக்கிவிட்டு, 'பாவத்தை ஆழ்ந்து அறிதல் வேண்டும்' என்று மட்டும் கூறினால் கருத்துச் சுருங்குவதன்று, கருத்தே கெடும். ஏனெனில் ஆழ்ந்து அறிதல் என்பது யாது என்பதே அங்கு வினா. அதற்கு விடையாக நிற்பது உவமை ஒன்றே.

தியானத்தை விளக்கும் இடத்தில் அவர் பொற்கொல்லனைக் காட்டுகின்றார். அவன் பொன்னைக் காய்ச்சி, அடித்து, இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பித் தன் எண்ணத்திற்கேற்ப உருவாக்குவது போல, தியானம் ஓர் உண்மையை உள்ளத்தில் இட்டுப் பலகாலும் திருப்பி வேலை செய்யும். ஈண்டு ஒப்புமை பொன்னின் ஒளியில் இல்லை. அடித்துத் திருப்பும் தொழிலில் உள்ளது. உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் பாகுபாடு. அதனைக் கருவியாகக் கொண்டு நோக்கின், பியூரிட்டானியர் உவமைகளுள் வினையும் பயனும் பற்றியனவே மிகுதி என்பதும், மெய்யும் உருவும் பற்றியன அருகியே வரும் என்பதும் விளங்கும். வடிவையும் வண்ணத்தையும் காட்டும் உவமையிற் கண் அங்கேயே தங்கிவிடும். அதுவே பாக்ஸ்டர் அஞ்சிய வண்ணக் கண்ணாடி. தொழிலைக் காட்டும் உவமையிற் கண் தங்காது, பொருளை நோக்கி விரையும். அவர்கள் விலக்கியது உவமையை அன்று. தன்மேலேயே கண்ணை நிறுத்திக்கொள்ளும் உவமையை என்பது இதனால் தெளிவாம்.

நிழலும் பொருளும்

உவமைக்கு அப்பால் அவர்கள் கையாண்ட மற்றொரு முறை, பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சியைப் பிற்காலத்து நிகழ்ச்சிக்கு முன்னடையாளமாகக் கொள்வதாகும். உவமையில் இரு பொருள்களைப் புலவன் இயைக்கின்றான். முன்னடையாளத்திலோ இரு நிகழ்ச்சிகளையும் இறைவனே இயைத்துள்ளான் எனக் கொள்ளப்படும். முந்தியது நிழல்; பிந்தியது பொருள். பழைய உரைகாரர் இம்முறையைக் கிறிஸ்துவின் வாழ்வை விளக்குவதற்கே பெரிதும் பயன்படுத்தினர். நியூ இங்கிலாந்தார் அதனைத் தம் வரலாற்றிற்கும் நீட்டினர். எகிப்தினின்றும் புறப்பட்ட இசுரவேலரைப் போலத் தாமும் கடல் கடந்து பாழ்நிலம் புகுந்ததாக அவர்கள் உணர்ந்தனர்.

1630ஆம் ஆண்டுக் குடியேற்றத்திற்குத் தலைமை தாங்கிய ஜான் வின்த்ராப் சமயகுரு அல்லர், ஆட்சித் தலைவர். ஆர்பெல்லா என்னும் கப்பலின் பயணத்தோடு இணைத்துக் கூறப்பெறும் அவர்தம் உரை, கிறித்தவ அன்பைப் பற்றியது. சமுதாயம் ஓர் உடல். அதன் உறுப்புகளைப் பிணிக்கும் தசைநார் அன்பு என்பது அதன் நடுநாயகமான உருவகம். கப்பல் உடைந்து அழியாதிருக்க வேண்டுமாயின் ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும் எனக் கூறி, இறுதியில் மத்தேயு நற்செய்தியில் வரும் மலைமேல் நகரத்தைச் சுட்டுகின்றார். 1838இல்தான் முதன்முதலாக அச்சேறிய இவ்வுரையின் இவ்வொரு படிமம், பின்னாளில் அமெரிக்க அரசியல் மேடைகளில் நாட்டுப் பெருமையின் சின்னமாயிற்று. டேனியல் ராட்ஜர்ஸ் 2018இல் வெளியிட்ட நூலில் காட்டியுள்ளவாறு, மூலத்தில் அது பெருமையன்று, எச்சரிக்கை. மலைமேல் நகரம் மறைந்திருக்க இயலாது. தவறினால் உலகெலாம் நகைக்கும் என்பதே வின்த்ராப் கருத்து. படிமத்தை அதன் வாதத்தினின்றும் பிரித்தெடுத்தால் பொருள் தலைகீழாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1670இல், சாமுவேல் டான்ஃபோர்த் மாசசூசெட்ஸ் தேர்தல் நாளன்று ஆற்றிய பிரசங்கம் வேறொரு முறைக்கு எடுத்துக்காட்டு. எதனைக் காணப் பாழ்நிலத்திற்குப் போனீர்கள், காற்றில் அசையும் நாணலையோ என யோவானைப் பற்றி இயேசு மக்களை வினவிய பகுதி அதன் வாசகம். அவ்வினாவையே டான்ஃபோர்த் தம் மக்கள்பால் திருப்புகின்றார். நாடு விட்டு வந்தது எதற்காக? நிலத்திற்காகவோ, மெல்லிய உடைக்காகவோ, தூய வழிபாட்டிற்காகவோ? இவ்வினா விடை வேண்டி நிற்பதன்று. கேட்போர் தம்மைத் தாமே விசாரணைக் கூண்டில் ஏற்றிக்கொள்ளச் செய்வது. மக்கள் முன்னைய உறுதியினின்றும் வழுவினர் எனப் புலம்பி இடித்துரைக்கும் இவ்வகைப் பிரசங்கத்தை, எரேமியா தீர்க்கதரிசியின் பெயரால் 'எரேமியப் புலம்பல்' எனத் திறனாய்வாளர் வழங்குவர். சாக்வன் பெர்கோவிச் 1978இல் இவ்வகையைத் தனி நூலாகவே ஆராய்ந்து, அப்புலம்பலின் உள்ளே நம்பிக்கையும் உறைகின்றது என நிறுவினார். கைவிடப்பட்டவரைக் கடிந்துகொள்வார் இலர் அன்றோ?

எட்வர்ட்ஸ்: தொங்கி நிற்கும் கணம்

பியூரிட்டானியர் மரபின் கடைசிப் பெருமகனாகக் கருதத்தக்கவர் ஜோனதன் எட்வர்ட்ஸ் (1703-1758). 1741ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், என்ஃபீல்டு என்னும் ஊரில், சினங்கொண்ட கடவுளின் கைகளிற் பாவிகள் என்னும் பொருள்பற்றி அவர் ஆற்றிய பிரசங்கம் உலகறிந்தது. அங்கிருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்னும் குரு தம் நாட்குறிப்பில், பிரசங்கம் முடியுமுன்னரே அவையெங்கும் அழுகையும் கூக்குரலும் எழுந்தன என்றும், பிரசங்கியார் பேச்சை நிறுத்த நேர்ந்தது என்றும் எழுதியுள்ளார்.

உபாகமத்தின் 32ஆம் அதிகாரத்தில், ஏற்ற காலத்தில் அவர்கள் கால் தள்ளாடும் எனக் கூறும் வாசகத்தை எட்வர்ட்ஸ் எடுத்துக்கொள்கின்றார். வழுக்கு நிலத்தில் நிற்பவனை எவரும் தள்ள வேண்டியதில்லை. தன் எடையாலேயே வீழ்வான் என அவ்வாசகத்தை விளக்குகின்றார். கடவுளின் விருப்பம் ஒன்றே தீயோரை எக்கணமும் நரகில் வீழாது நிறுத்தியுள்ளது என்பது அதனின்றும் பெற்ற கோட்பாடு. இதன்பின் வரும் படிமங்களை வரிசைப்படுத்திக் காண்போம். படுகுழியின்மேல் மூடிய உளுத்த பலகை. மேன்மேலும் பெருகும் அணைநீர். நாணேற்றி வளைத்த வில். ஈயம் போற் கனக்கும் பாவம். உருண்டு விழும் பாறையைத் தடுக்க இயலாத சிலந்தி வலை. நெருப்பின்மேல் மெல்லிழையில் தொங்கும் சிலந்தி.

இவற்றை அச்சுறுத்தும் படங்களின் குவியல் எனக் கூறுவோர் உளர். அக்கூற்று முழுமையுடையதன்று. இவற்றுட் பெரும்பாலனவற்றிற்குப் பொதுவான இயல்பு ஒன்று உள்ளது. பலகை இன்னும் முறியவில்லை. அணை இன்னும் உடையவில்லை. அம்பு இன்னும் விடுபடவில்லை. இழை இன்னும் அறவில்லை. தொடங்கி முடியாத வினைகள் இவை. 'எக்கணமும்' என்பதே கோட்பாட்டின் உயிர்ச்சொல். அக்கணத்தை அருவமாகக் கூறின் எவர் உள்ளத்திலும் அது தைக்காது; வளைந்த வில்லிற்கும் பாயும் அம்பிற்கும் இடைப்பட்ட கணமாகக் காட்டும்போதே அது உணரப்படும். எனவே அப்படிமங்கள் கோட்பாட்டின்மேற் பூசிய வண்ணம் அல்ல, கோட்பாட்டின் நிறுவல்களே. மேலும், முற்பகுதி முழுவதும் 'அவர்கள்' எனப் படர்க்கையிற் சென்ற பேச்சு, பயன் பகுதிக்கு வந்ததும் 'நீங்கள்' என முன்னிலைக்கு மாறுகின்றது. அதுகாறும் பிறரைப் பற்றிய படமாக இருந்தது கேட்போர் காலடியில் வந்து நிற்கின்றது. இவ்வொரு சொல் மாற்றம் செய்யும் பணியைப் பல அணிகள் கூடியும் செய்தல் அரிது.

அச்சம் மட்டுமே எட்வர்ட்ஸின் பொருள் எனக் கொள்வது தவறு. 1734இல் அச்சான தெய்விக ஒளி பற்றிய பிரசங்கத்தில் அவர் தேனை எடுத்துக்காட்டுகின்றார். தேன் இனிது என அறிவால் ஒப்புக்கொள்ளுதல் வேறு. அதன் இனிமையைச் சுவைத்து அறிதல் வேறு. ஹூக்கரின் வரைபடமும் வழிப்போக்கனும் இங்குத் தேனாகவும் நாவாகவும் மீண்டும் வந்துள்ளமை காண்க. ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில், ஒருவர் பாவத்தைப் பற்றியும் மற்றவர் அருளைப் பற்றியும் பேசினும், இருவரும் கூறும் உண்மை ஒன்றே. எட்வர்ட்ஸ் ஆங்கில மெய்ப்பொருளறிஞர் ஜான் லாக்கின் நூலைப் பயின்றவர். புலன்வழி வாராத எண்ணம் வெறுஞ்சொல்லாய் நின்றுவிடும் என்பதை அறிந்தவர். படிமத்தின் தேவைக்குரிய காரணத்தைப் படிமத்தாலேயே அவர் விளக்கியுள்ளார். உலகப் பொருள்கள் தெய்வப் பொருள்களின் சாயல்கள் என்னும் கருத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பேட்டைப் பெரி மில்லர் 1948இற் பதிப்பித்தார். அதனையும் உடன் வைத்து நோக்குவார்க்கு, உவமை தேடுதல் அவருக்கு வெறும் மேடைப் பயிற்சி அன்று என்பது விளங்கும்.

அளவை பிழைபடும் இடம்

உவமையை அளவையாகக் கொள்வதன் வலிமையை இதுகாறும் கண்டோம். அளவை பிழைபடின் விளையும் தீங்கும் பெரிது. அணி பிழைத்தால் பாட்டுக் கெடும். அளவை பிழைத்தால் வாழ்வு கெடும்.

1630இல் சவுத்ஹாம்ப்டனிலிருந்து புறப்பட்டோர்க்கு ஜான் காட்டன் ஆற்றிய பிரசங்கம் சாமுவேலின் இரண்டாம் நூலில் வரும் வாசகம் ஒன்றைப் பற்றியது. இறைவன் தன் மக்களுக்கு இடம் குறித்து அவர்களை அங்கே நாட்டுவான் என்பது அதன் கருத்து. நடவு என்னும் உருவகத்தைக் காட்டன் விரிக்கின்றார்: நட்டவனே நீர் பாய்ச்சுவான்; வேர் கொண்டால் கனி தரவேண்டும். இதனோடு, வெற்றிடமாகக் கிடக்கும் நிலத்தைக் கைக்கொண்டு உழுது பயிரிடுவோனுக்கே அஃது உரியது என்னும் வாதத்தையும் அவர் இயைக்கின்றார். இங்கு உருவகம் உரிமைப் பத்திரமாக மாறிவிட்டது. நடுவதற்கு வெற்று நிலம் வேண்டும். ஆகவே நிலம் வெற்றாகக் காணப்பட்டது. உண்மையில் அக்கரைகளில் மாசசூசெட், வாம்பனோக் முதலிய இனத்தார் வாழ்ந்து வந்தனர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அவருட் பெருந்தொகையினர் மாண்டிருந்தனர். எஞ்சியோர் வாழ்ந்த நாட்டைத்தான் பிரசங்கங்கள் பாழ்நிலம் என்று அழைத்தன.

இப்பிழையை அக்காலத்திலேயே கண்டுகொண்டவர் ரோஜர் வில்லியம்ஸ். அவரோடு நிகழ்ந்த வாதத்தைக் காட்டனே 1647இல் வெளியிட்ட மறுப்பு நூலிற் பதிவு செய்துள்ளார். அப்பழங்குடியினர் வேட்டைக்காகக் காட்டின் அடித்தூறுகளை எரித்துச் சீர்செய்து வந்தனர். இங்கிலாந்துப் பெருமக்கள் வேட்டைக்கெனப் பெரும் பூங்காடுகளை வைத்திருப்பது எவ்வாறு உரிமையோ, அவ்வாறே இதுவும் உரிமை என்பது வில்லியம்ஸ் தரப்பு. நடவு என்னும் உவமைக்கு எதிராகப் பூங்காடு என்னும் உவமை நிற்கின்றது. ஒப்புமை வாதத்தை ஒப்புமை வாதத்தாலேயே மறுக்கும் இம்முறை, உவமையை அவர்கள் எத்துணை மெய்ம்மையாகக் கொண்டனர் என்பதைக் காட்டும். ஆயின் வில்லியம்ஸ் இக்கருத்தையும் வேறு சில கருத்துகளையும் கூறியமைக்காக 1635இல் நாடு கடத்தும் தண்டனை பெற்றார். காட்டன் தரப்பே வென்றது. எளிய நடை ஏமாற்றாது என்னும் நம்பிக்கை பியூரிட்டானியர்க்கு இருந்தது. ஒப்பனையற்ற உவமையும் கண்ணை மறைக்கக் கூடும் என்பதை அவர்தம் வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது. வண்ணம் தீட்டாத கண்ணாடியாயினும் அது எத்திசை நோக்கித் திறந்துள்ளது என வினவுதல் ஆராய்ச்சியாளர் கடமையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. பியூரிட்டானியர்தம் எளிய நடை உவமையின்மை அன்று; உவமையை அணியின் இடத்தினின்றும் பெயர்த்து அளவையின் இடத்தில் வைத்தமையே அதன் தனித்தன்மை. அவர்தம் உவமைகள் வினையும் பயனும் பற்றி எழுந்து, பிரசங்க உறுப்புகளின் நிலைக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும், கேட்போர் பட்டறிவையே சான்றாகக் கொண்டும் இயங்குவன. அளவையாக நிற்கும் உவமையை அதன் அழகு கொண்டு மதிப்பிடுதல் போதாது. அதன் மெய்ம்மை கொண்டும் மதிப்பிடல் வேண்டும்.

இம்மரபின் ஒரு கிளை தமிழையும் எட்டியுள்ளது. பியூரிட்டானியப் பிரசங்கியாரான ஜான் பனியன் (1628-1688) பிரசங்க மேடைக்குரிய வழிப்போக்கன் உருவகத்தை 1678இல் முழுநூலாக விரித்தார். அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. எளிய உரைநடையில் நடந்த வழிப்போக்கன் தமிழில் காப்பிய நடையும் அணிநலனும் பூண்டு உலவுகின்றான். மெருகு வேண்டாத பலிபீடம் ஈண்டு மெருகு பெற்றது. இஃது இழப்போ ஆக்கமோ என்னும் வினாவிற்கு விடை காண விழைவோர், அந்நூலின் உவமைகளுள் எவை அணியாக நிற்கின்றன, எவை அளவையாக நிற்கின்றன என முதற்கண் பகுத்துக் காணல் வேண்டும். அப்பணி தனியாராய்ச்சிக்கு உரியது.